மண் உதறாத நாற்று

வாங்க மேடம். கால் எதுக்குக் கழுவுறீங்க? நாங்க தோட்டத்துல இருந்து வெளிய வரும்போதுதான் கழுவுவோம். நீங்க உள்ள வரும்போதே பூட்ஸை மருந்துத் தண்ணியில முக்கி முக்கி எடுக்குறீங்க. பரவாயில்ல, ஆபீஸ்காரங்களுக்குச் சுத்தம் ஜாஸ்தி. நான் ஒண்ணும் சொல்லல.

ஒரே ஒரு உதவிதான். பாத்துட்டு நீங்க என்ன சொன்னாலும் சத்தமாச் சொல்லுங்க. அந்தச் சீகை மரக் குச்சி வேலிக்கு அந்தப் பக்கம் கேக்கணும். நான் சொன்னா யாருக்கும் கேக்காது. எனக்குக் குரலே வராது மேடம். பள்ளிக்கூடத்துல டீச்சர் பேர் கூப்பிட்டா நான் சொல்ற 'உள்ளேன்' எனக்கே கேக்காது. பாதி நாள் வரலைன்னு போட்டுட்டாங்க. அஞ்சாவதோட நான் நின்னதுக்கு அதுவும் ஒரு காரணம்னு எங்கப்பா சிரிப்பார். இப்பவும் பஸ்ஸுல இறங்கணும்னு சொல்லக் கூச்சப்பட்டு அடுத்த ஸ்டாப்புல இறங்கி, பாப்பாவைத் தூக்கிட்டு நடந்தே வருவேன். உங்க தோட்டக்கலை ஆபீசுக்கும் ரெண்டு தடவை வாசல் வரைக்கும் வந்து திரும்பிட்டேன். மூணாவது தடவை இடுப்புல இருந்த இவ அழுதா, அதனால நீங்களே வெளிய வந்து என்னன்னு கேட்டீங்க. இல்லைன்னா இன்னிக்கும் அந்தக் கேட்டுக்கிட்டதான் நின்னுட்டு இருப்பேன்.

சாமான் கட்டுற சத்தம் கேக்குதா? அவங்கதான். ஒரு மணிக்கு ஜீப்பு வரும். திருப்பூர்ல அவங்க தம்பி இருக்கார், பனியன் கம்பெனியில வேலை வாங்கித் தர்றதாச் சொல்லியிருக்கார். மகளுக்குப் பள்ளிக்கூடத்துல டிசி வாங்கியாச்சு. ஜீப்பு போறதுக்குள்ள நீங்க இது விஷம்னு சொல்லிட்டா, அவங்க போனாலும் தப்போட போவாங்க. சொல்லலைன்னா நான் பொய்க்காரியாகி இதே லைன்ல எட்டு வீட்டுக்கும் நடுவுல குடியிருக்கணும். அதுக்குத்தான் உங்களைக் கூப்பிட்டேன். வேற ஒண்ணும் இல்ல.

அவங்க யாருன்னா, என் வீட்டுக்காரரோட அண்ணன் சம்சாரம். எனக்கு ஓரகத்தி. பேரு செவந்தி. முன்ன அக்கான்னு கூப்பிடுவேன். அண்ணன் தவறி ரெண்டு வருசம் ஆச்சு. டீ பேக்டரியில தூள் சலிக்கிற வேலை அவங்களுக்கு. என் வீட்டுக்காரர் காய்கறி வண்டி ஓட்டுறார், காலையிலயே மேட்டுப்பாளையம் போயிட்டார். போகும்போது, நீயாச்சு அண்ணியாச்சுன்னு சொல்லிட்டுப் போனார். இருக்கச் சொன்னேன், இருந்திருக்கலாம். ஆம்பளைங்களுக்கு இந்த மாதிரி நாள்லதான் லோடு வரும்.

பாத்தியைப் பாருங்க மேடம். இங்க பூராவும் பாறை. ஒரு சாண் தோண்டுனா மண்வெட்டி கல்லுல போய் முட்டும். அதனாலதான் இப்படி மேட்டுப்பாத்தி. கற்பூர மரக் கட்டையை நாலு பக்கமும் அடுக்கி, நடுவுல ஓடைக்கரை மண்ணைக் கொட்டி, முக்கால் அடி உயரத்துக்கு மேடு பண்ணினோம். முட்டைக்கோசுக்கு அந்த ஆழம் போதும். நாப்பது சாக்கு மண்ணு. அப்ப நான் மாசமா இருந்தேன், அதனால மூட்டை எல்லாம் அவங்க சுமந்தாங்க. நான் கல்லு பொறுக்கிப் போட்டேன். கல்லு பொறுக்குறதும் லேசான வேலை இல்ல மேடம், குனியணும்ல.

மேல் பாத்தியும் நடுப் பாத்தியும் எனக்கு. கீழ்ப் பாத்தி அவங்களுக்கு. சரிவுதானே, மேல நான் ஊத்துற தண்ணி நடுப் பாத்திக்கு வடியும், அங்க இருந்து கீழ்ப் பாத்திக்குப் போகும். ஒரு நாள்கூட நான் மறிச்சதில்ல. அவங்க பாத்திக்கு அவங்க தண்ணி சுமந்ததே கிடையாது, எல்லாம் என் பாத்தியில இருந்து போனதுதான். இதையும் எழுதிக்குங்க மேடம்.

அப்படி நல்லாத்தான் இருந்தோம். அம்மா வீட்டுல இருந்து இவளைத் தூக்கிட்டு வந்த புதுசுல, வயித்து வலின்னு வீறிட்டு அழுவா. என் தோளுல அடங்க மாட்டா, அவங்க தோளுல போட்டா அடங்குவா. எனக்கு மனசுக்குள்ள சுருக்குன்னு இருக்கும். அதைக் காட்டிக்கலை.

புரட்டாசியில நாத்து நட்டோம். கார்த்திகையில முதல்ல கீழ்ப் பாத்திதான் போச்சு. இலை வெளிறிச்சு, கோசு திரளவே இல்ல. நான் என்னன்னு கேக்கல. கேட்டா, உன் பாத்தி மட்டும் எப்படி நல்லா இருக்குன்னு கேட்டுருவாங்களோன்னு இருந்துச்சு. மார்கழி பாதியில என் நடுப் பாத்தி வாட ஆரம்பிச்சுது.

எப்படி வாடுச்சுன்னு கேளுங்க. பன்னண்டரைக்குப் பேக்டரி சங்கு ஊதும். அவங்க சாப்பிட வீட்டுக்கு வருவாங்க. இந்தப் பாத்தி ஓரமாத்தான் வழி. அந்த நேரம் பாத்தா என் கோசு அத்தனையும் தலை தொங்கிக் கிடக்கும். ஒண்ணரைக்கு அவங்க திரும்பப் போவாங்க. சாயங்காலம் நான் வந்து பாத்தா ஒண்ணுமே நடக்காத மாதிரி நிமிந்து நிக்கும். ஒரு நாள் ரெண்டு நாள் இல்ல, பதினோரு நாள் பாத்தேன் மேடம். அவங்க வந்தா வாடும், போனா நிமிரும். ஒரு ஞாயித்துக்கிழமை அவங்களுக்கு லீவு, நாள் பூரா வீட்டுல இருந்தாங்க. அன்னிக்கு நாள் பூரா வாடிக் கிடந்துச்சு. அன்னிக்கு வெயிலும் ஜாஸ்திதான். ஆனா வாடுச்சுல்ல?

இப்பவும் வாடித்தான் இருக்கு, பாருங்க. அவங்க வீட்டுல இருக்காங்கல்ல.

நான் சண்டைக்கெல்லாம் போகல. மிளகா சுத்திப் போட்டேன். என் வீட்டுக்காரர் பழைய சட்டையை மாட்டி ஒரு பொம்மை செஞ்சு, அவங்க வாசலைப் பாத்து நட்டு வெச்சேன். அதைப் பாத்துட்டு, கொழுந்தனார் இளைச்சுட்டாரேன்னு சிரிச்சாங்க. நான் சிரிக்கல. அப்புறம் பாப்பாவை அவங்ககிட்டக் கொடுக்குறதை நிறுத்திட்டேன். இவ என் இடுப்புல இருந்தே வேலியைப் பிடிச்சுட்டு அந்தப் பக்கம் கையை நீட்டுவா. நான் உள்ள தூக்கிட்டுப் போயிருவேன். அவங்களும் கையை நீட்டிட்டு, அப்புறம் அந்தக் கையாலயே கொடியில காயுற துணியை எடுக்குற மாதிரி எடுப்பாங்க. எனக்குத் தெரியும் மேடம், அந்தத் துணி காய்ஞ்சே இருக்காது.

பொங்கலுக்கு நாலு நாள் இருக்கும்போது கையும் களவுமாப் பிடிச்சேன். விடிஞ்சும் விடியாம நான் பாலுக்குப் போயிட்டுத் திரும்பி வர்றேன். என் நடுப் பாத்தியில குனிஞ்சு, வாளியில இருந்து மொண்டு மொண்டு வெள்ளையா ஒரு தண்ணியை வேருக்கு ஊத்திட்டு இருக்காங்க. இந்த ஓரத்துல இருந்து ஆரம்பிச்சு இதோ, இந்த நாலாவது வரிசை வரைக்கும் ஊத்திட்டாங்க. அஞ்சாவதுக்குப் போகும்போது நான் வந்துட்டேன். அன்னிக்கு எனக்கு எங்க இருந்து குரல் வந்துச்சுன்னு தெரியல. எட்டு வீடும் வெளிய வந்துருச்சு. கண்ணு வெச்சது பத்தாதுன்னு விஷமும் வெக்கிறியான்னு கேட்டேன். இன்னும் ரெண்டு வார்த்தை சொன்னேன். அது கோவத்துல வந்தது, அதை எழுத வேண்டாம்.

அவங்க என்ன சொன்னாங்கன்னு கேளுங்க. வாளியைக் கீழ வெச்சுட்டு, "சரி சுகந்தி" அப்படின்னாங்க. அவ்வளவுதான். தப்பு இல்லைன்னா இல்லைன்னு சொல்லணும்ல?

அந்தக் கீழ்ப் பாத்திச் செடியைப் பிடுங்குறீங்களா, பிடுங்குங்க. அது அவங்களுதுதான்.

அய்யோ. என்ன மேடம் இது, வேர் இப்படி இருக்கு? இஞ்சி மாதிரி, விரல் விரலா வீங்கி... கிட்டக் கொண்டு வராதீங்க, பாப்பா பிடிச்சுடுவா.

சரி, இதுதான் விஷம் வேலை செய்யுற விதமா? வேர் வீங்கிப் போறது?

நோயா?

இல்ல மேடம், நோயா இருக்காது. அவங்க ஊத்துனதை நான் கண்ணால பாத்தேன். நடுப் பாத்தியில பிடுங்கிப் பாருங்க. அங்க வேண்டாம், அந்த நாலு வரிசை நல்லாத்தான் நிக்குது. இந்தப் பக்கம், அஞ்சாவதுல இருந்து... ஆமா, அவங்க ஊத்துனது அந்த நாலு வரிசைக்குத்தான். ஊத்தாதது இந்தப் பக்கம். ஆமா. ஊத்துனதுதான் நிக்குது. அது எனக்கும் தெரியுது மேடம். மண்ணுக்குள்ளயே விஷம் ஓடி இந்தப் பக்கம் வந்திருக்கும். சரிவுதானே.

வாளி இருக்கு. கழுவாம அப்படியே சாக்குப் போட்டு மூடி வெச்சிருக்கேன், போலீசு கேட்டாக் காட்டலாம்னு. இதோ. அடியில வெள்ளையா காய்ஞ்சு கிடக்கு பாருங்க. கை வெக்காதீங்க மேடம். மோந்து பாக்காதீங்க.

என்னது?

சுண்ணாம்பா?

சுண்ணாம்பு ஊத்துனா இந்த நோய் மட்டுப்படுமா? யாரு சொன்னா? இல்ல, நீங்க சொல்றீங்க, சரி. அவங்களுக்கு யாரு சொல்லியிருப்பா? பேக்டரியில பச்சைத்தேயிலை எடை போடுறவர் ஒருத்தர் கோசுத் தோட்டம் வெச்சிருக்கார்னு எப்பவோ சொன்ன ஞாபகம். கொஞ்சம் மெதுவாப் பேசுங்க மேடம். சத்தமாச் சொல்லச் சொன்னேன்தான். இது முடியட்டும், அப்புறம் எல்லாத்தையும் சேத்துச் சொல்லிக்கலாம்.

அவங்க வீட்டுச் செவுரைப் பாருங்க. இங்க இருந்தே தெரியுதுல்ல. இந்தப் பொங்கலுக்கு லைன்ல எல்லா வீட்டுக்கும் வெள்ளையடிச்சாச்சு. அது ஒண்ணுதான் போன வருசத்துப் புகையோட நிக்குது. நான்கூடச் சொன்னேன், மனசு கறுத்தா செவுரும் கறுத்துத்தான் கிடக்கும்னு. தண்ணிக் குழாய்கிட்ட நாலு பேரு கேக்கத்தான் சொன்னேன். மார்கழியில அவங்க அரை மூட்டைச் சுண்ணாம்பு வாங்கிட்டு வந்து நீத்து வெச்சதை நான் பாத்தேன் மேடம். பாத்தேன். அது எங்க போச்சுன்னு நினைக்கல.

நாத்தா? நாத்து எங்க வாங்குனதுன்னா, நடுவும் கீழும் கோத்தகிரி நர்சரியில வாங்குனது. பிளாஸ்டிக் ட்ரேயில வந்துச்சு, மண்ணே கிடையாது, தேங்கா நார்த் தூள்தான். மேல் பாத்தி மட்டும்...

மேல் பாத்தியை விடுங்க மேடம். அது நல்லா இருக்கு. பாருங்க, ஒவ்வொண்ணும் பாப்பா தலை அளவுக்குத் திரண்டு நிக்குது. வெந்நீர் அடுப்பு பக்கத்துல இருக்குறதால சாம்பல் எல்லாம் அதுலதான் கொட்டுவேன். அது வாடவே இல்லையே, அதை எதுக்குப் பிடுங்கணும்?

அது எங்க அம்மா வீட்டு நாத்து.

எங்க ஊர்ல ஒரு வழக்கம் உண்டு. பிள்ளை பெத்து மூணு மாசம் கழிச்சுப் பொண்ணைப் புருசன் வீட்டுக்கு அனுப்பும்போது, ஒரு கூடை நாத்து கொடுத்து விடுவாங்க. அந்த வேருல ஒட்டியிருக்குற மண்ணை உதறக் கூடாது. உதறுனா தாய்வீட்டையே உதறுன மாதிரி. எங்கம்மா கூடையில இன்னும் ரெண்டு கை மண்ணு அள்ளிப் போட்டாங்க. பஸ்ஸுல பாப்பா ஒரு மடியில, கூடை ஒரு மடியில. கண்டக்டர்கூட, எதும்மா மூத்ததுன்னு கேட்டார். வந்து இறங்குன அன்னிக்கே நட்டேன். அக்காதான் பிடிச்சுக்க வந்துச்சு. மண்ணை உதறிட்டு நடலாமா சுகந்தின்னு கேட்டுச்சு. நான் முகத்தைத் தூக்கிட்டேன். அப்புறம் அதுவே உள்ளங்கையில ஏந்தி, ஒரு பொட்டு மண்ணு உதிராம ஒவ்வொண்ணா எடுத்துக் கொடுத்துச்சு.

எங்கப்பா தோட்டத்துல வேர் எப்படி இருக்கும்னு ஏன் கேக்குறீங்க?

நல்லா இருக்கும். நல்ல மண்ணு அது. மண்ணுல சத்து ஜாஸ்தி, அதனால வேரு கொஞ்சம் குண்டாத்தான்... எங்கப்பா அதைப் பெருமையாக் காட்டுவார். மண்ணோட வளத்தைப் பாரு, வேருக்கே சதை போட்டிருக்குன்னு சொல்வார். ரொம்பச் சத்தாகி எல்லாம் வேருக்கே போகுதுன்னுதான் ரெண்டு வருசமா கோசை விட்டுட்டு உருளைக்கிழங்குக்கு மாறிட்டார். அம்மா மட்டும் ஓரமா ஒரு பாத்தி நாத்துக்குன்னு வெச்சிருந்தாங்க. ஆனா அது வேற மாதிரி மேடம். இது வேற. அது இந்த மாதிரி விரல் விரலா... அது எனக்குச் சரியா ஞாபகம் இல்ல. கல்யாணம் ஆகி மூணு வருசம் ஆச்சுல்ல.

ஜீப்பு சத்தமா அது? வளைவுல வர்றது வேற வண்டியா இருக்கும்.

வேண்டாம் மேடம். பிடுங்காதீங்க. ஒண்ணே ஒண்ணு பிடுங்குனாக்கூட அம்மா வீட்டுது. இவ பேருக்குக் கொடுத்தது. நீங்க ஒண்ணும் சொல்லவே வேண்டாம். விஷம்னு சொல்ல வேண்டாம், நோய்னும் சொல்ல வேண்டாம். இன்னும் தெரியல, மண்ணை ஆபீசுக்கு அனுப்பிப் பாக்கணும்னு சொல்லிடுங்க. பத்து நாள் ஆகும்னு சொல்லுங்க. அதுக்குள்ள அவங்க போயிருப்பாங்க...

இல்ல. நானே பிடுங்குறேன். நீங்க தள்ளுங்க.

வரமாட்டேங்குது.

இதோ.

பாத்துட்டேன் மேடம். மூட வேண்டாம், பாத்துட்டேன். அதேதான். இதைத்தான் எங்கப்பா காட்டுவார்.

கால்ல, மண்வெட்டியில, வேருல ஒட்டுன மண்ணுல வருமா? தண்ணியோட இறங்கி, தேங்குற கீழ்ப் பாத்தியை முதல்ல பிடிக்குமா? சாம்பலும் சுண்ணாம்பு மாதிரி தடுக்குமா, அதனாலதான் மேல் பாத்தி வாடலையா? அதுக்குத்தான் நீங்க உள்ள வரும்போதே கழுவுனீங்களா. நான் என்னமோ நினைச்சேன். மத்தியானம் வாடுறது வேர் தண்ணி எடுக்க முடியாம. வெயில் இறங்குனா நிமிரும். அப்ப அவங்க வந்ததுக்கும் வாடுனதுக்கும்... சரி மேடம். சொல்ல வேண்டாம். புரியுது.

நான் அன்னிக்குச் சொன்ன ரெண்டு வார்த்தையை எழுத வேண்டாம்னு சொன்னேன்ல. என்ன சொன்னேன்னா, "கட்டுனவனைத் தின்னது பத்தாதா உனக்கு"ன்னு கேட்டேன். எட்டு வீடும் கேட்டுச்சு. அக்கா மக கீர்த்தனா பால் சொம்போட வாசல்ல நின்னுட்டு இருந்தா. அதுக்குத்தான் அக்கா "சரி சுகந்தி"ன்னு சொல்லிட்டுப் போச்சு. சுண்ணாம்பு கையோட. கையைக்கூடக் கழுவல. சுண்ணாம்பு பட்டா எரியும்ல மேடம்? அடுத்த நாள் துணி சுத்திட்டுத்தான் வேலைக்குப் போச்சு. அதையும் பாத்தேன்.

ஜீப்புதான் அது. வந்துருச்சு. பெட்டி ஏத்துறாங்க.

நீங்க சொல்றீங்களா மேடம்? வேலிகிட்டப் போய் நின்னு, இது நோய்தான், யாரு மேலயும் தப்பு இல்லைன்னு... இல்ல. யாரு மேலயும் தப்பு இல்லைன்னு நீங்க சொன்னா, நான் சொன்னது அப்படியே கிடக்கும். நாந்தான் போகணும். இந்த வேரைக் கையில எடுத்துட்டுப் போய்க் காட்டுறேன். ஏன்? வெளிய கொண்டு போகக் கூடாதா? ரோட்டுல ஒரு துண்டு விழுந்தாலும் அடுத்த தோட்டத்துக்குப் போகுமா. சரி. கவருல போட்டுக் கட்டிருங்க.

அப்ப வெறுங்கையோட போகணும். வாயால சொல்லணும்.

என் குரல் அவ்வளவு தூரம் போகாது மேடம். வண்டி வேற உறுமுது. அன்னிக்குப் போச்சு. அன்னிக்கு எட்டு வீட்டுக்கும் போச்சு.

இவளைக் கொஞ்சம் பிடிங்க. அழுவா, பரவாயில்ல. வேண்டாம், கொடுங்க, இவளையும் தூக்கிட்டே போறேன். இவளைப் பாத்தா அக்கா ஒரு நிமிசம் நிக்கும்.

கால்ல மண்ணு இருக்கா? இருக்கும், இருக்கும். பாத்தியில மிதிச்சுட்டேனே. கழுவாம போகக் கூடாதுதான். அந்த மருந்துத் தண்ணியை ஊத்துங்க மேடம். இந்தக் கால்ல. விரல் இடுக்குல. அம்மா உதறாதன்னு சொன்னாங்க. ஊத்துங்க. இன்னொரு காலு. சீக்கிரம் மேடம், கதவைச் சாத்துறாங்க.

போதுமா? போயிருச்சா எல்லாம்?

அக்கா. அக்கா, நில்லுங்க.

அக்கா.